கணினியில் ஃபிராக்டல் வரைவது எப்படி: முதல் எண்ணிலிருந்து சுவரில் மாட்டும் படம் வரை

என் கணினியில் ‘நல்லா இருக்கு 2’ என்ற பெயரில் ஒரு படம் கிடக்கிறது. கறுப்புப் பின்னணியில் தாமிர நிறச் சுருள்கள், ஒவ்வொரு சுருளின் நுனியிலும் இன்னொரு சுருள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு அது கண்ணில் பட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மறுநாள் அதையே பெரிதாக்கி பிரின்ட் போடலாம் என்று உட்கார்ந்தால், அந்த இடம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. பல வாரம் தேடியும் கிடைக்கவில்லை. கையில் இருப்பது 1366-க்கு 768 புள்ளி அளவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும். அதிலும் அடியில் டாஸ்க்பார் விழுந்திருக்கிறது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: ஃபிராக்டலில், அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே இன்னும் வேலைப்பாடு வந்துகொண்டே இருக்கும் இந்த மாதிரிப் படத்தில், சேமிக்க வேண்டியது எண்களை. எண்கள் இருந்தால் படம் எப்போது கேட்டாலும், எந்த அளவில் கேட்டாலும் வரும். படத்திலிருந்து எண்களைத் திரும்ப எடுக்க முடியாது.

நான் கணக்கு வாத்தியார் இல்லை. வீடு பழைய வண்ணாரப்பேட்டை, வேலை துறைமுகம் பக்கம் ஒரு சரக்கு ஆபீஸில் பில் போடுவது. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய, 4 ஜிபி ராம் உள்ள டெஸ்க்டாப் ஒன்றில்தான் இத்தனையும் செய்கிறேன். கீழே வரும் மென்பொருட்களில் எக்செல்லைத் தவிர எல்லாமே இலவசம்.

முதலில் ஒரு கடற்கரையை அளந்து பாருங்கள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையின் நீளம் எவ்வளவு? ஒரு கிலோமீட்டர் நீளக் கோல் ஒன்றைப் புரட்டிப் புரட்டி வைத்து அளந்தால் ஒரு கணக்கு வரும். பத்து மீட்டர் கயிற்றால் அளந்தால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தூண்டில் வளைவையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும், நீளம் கூடிவிடும். பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்தால் ஒவ்வொரு பாறாங்கல்லின் வளைவும் கணக்கில் சேரும். கோல் சிறிதாகச் சிறிதாக நீளம் ஏறிக்கொண்டே போகும்.

இதே கேள்வியைத்தான் பிரிட்டன் கடற்கரையை வைத்து பெனுவா மாண்டல்பிராட் என்ற கணிதவியலாளர் 1967-இல் ‘சயின்ஸ்’ இதழில் கேட்டார். இப்படி எவ்வளவு பெரிதாக்கினாலும் வழவழப்பாகாத வடிவங்களுக்கு 1975-இல் ஃபிராக்டல் என்று பெயர் வைத்தவரும் அவரே. உடைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்தது. தூண்டில் வளைவு மனிதர் கொட்டிய கல், இயற்கைக் கரை இல்லைதான். ஆனால் விஷயம் புரிவதற்கு அதைவிட நல்ல உதாரணம் எங்கள் பக்கத்தில் இல்லை.

எக்செல்லில் அரை மணி நேரம்

மென்பொருளை இறக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். நிறைய பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு எந்தப் பட்டனை எதற்கு அழுத்துகிறோம் என்றே தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

சி என்று ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 0-வில் தொடங்குங்கள். கையில் இருக்கும் எண்ணை அதனாலேயே பெருக்கி, சி-யைக் கூட்டுங்கள். வரும் விடையை மறுபடி அதே மாதிரி பெருக்கிக் கூட்டுங்கள். சூத்திரம் அவ்வளவுதான். ஒரு தடவை பெருக்கிக் கூட்டினால் ஒரு சுற்று.

சி 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று தலைதெறிக்க ஓடும். சி −1 என்றால் 0, −1, 0, −1 என்று ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும், எங்கும் போகாது. ஓடும் எண், ஓடாத எண் என்று பிரிப்பதுதான் முழு விளையாட்டும்.

இப்போது எக்செல்லில் முதல் செல்லில் 0 போடுங்கள். அதற்குக் கீழ் செல்லில், மேல் செல்லை அதனாலேயே பெருக்கி 0.25 கூட்டும்படி எழுதி, கீழே இழுத்துக்கொண்டே போங்கள். 0.25, 0.3125, 0.3477 என்று நகர்ந்து நகர்ந்து 0.5-ஐ நெருங்கும், ஆனால் தாண்டாது. சரி, 0.25-க்குப் பதில் 0.26 கொடுங்கள். தொடக்கத்தில் அதே மாதிரி ஊர்ந்து போகும், இதுவும் அடங்கிவிடும் என்றுதான் தோன்றும். திடீரென்று கிளம்பி 30-வது சுற்றில் 2-ஐத் தாண்டிவிடும். 0.2501 கொடுத்தால் 312 சுற்று. 0.250001 கொடுத்தால் 3140 சுற்று.

அந்த 3140-ஐ இன்னொரு தடவை பாருங்கள். ஆமாம், பை. வட்டமே இல்லாத ஒரு கணக்கில் 3.14 வந்து உட்கார்ந்திருக்கிறது. 1991-இல் டேவ் போல் என்பவர் தற்செயலாகக் கவனித்தது இது. முதன்முதலில் என் எக்செல் பக்கத்தின் அடியில் இதைப் பார்த்தபோது ஆபீஸ் லஞ்ச் நேரம் முடிந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

படம் வருவதற்கு இன்னும் ஒரு அடிதான். சி-யை ஒற்றை எண்ணாக வைக்காமல் கலப்பெண்ணாக வையுங்கள். பிளஸ் டூ கணக்கில் வருமே, மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி, அதுதான். பயமாக இருந்தால் வரைபடத்தில் ஒரு இடம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு எண் கிழக்கு மேற்கு, ஒரு எண் வடக்கு தெற்கு. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கிழக்கு என்பது கிழக்கின் வர்க்கத்திலிருந்து வடக்கின் வர்க்கத்தைக் கழித்து சி-யின் கிழக்கைக் கூட்டியது. புது வடக்கு என்பது கிழக்கையும் வடக்கையும் பெருக்கி, இரட்டித்து, சி-யின் வடக்கைக் கூட்டியது. நடுவிலிருந்து தூரம் 2-ஐத் தாண்டிவிட்டால் அந்தப் புள்ளி திரும்பி வராது. எப்போதும் தாண்டாத புள்ளிகளுக்குக் கறுப்பு. தாண்டும் புள்ளிகளுக்கு, எத்தனையாவது சுற்றில் தாண்டின என்பதைப் பார்த்து நிறம். திரையின் எல்லாப் புள்ளிக்கும் இதைச் செய்தால் வருவதுதான் மாண்டல்பிராட் கணம் (செட்).

காஸ்டன் ஜூலியா, பியர் ஃபாட்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் கணினியே இல்லாத காலத்தில், 1918-ஐ ஒட்டி, இந்தச் சுற்றுகளைத் தாளிலும் மனத்திலும் வைத்து ஆராய்ந்தார்கள். 1980-இல் மாண்டல்பிராட் ஐபிஎம் கணினியில் படமாகப் பார்த்தார். 1985 ஆகஸ்டில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் அட்டையில் போட்ட பிறகுதான் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களுக்கும் இந்தப் பித்து தொற்றியது.

கோலத்தில் கை பழகுவது

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எக்ஸ்டென்ஷன்ஸ், ரெண்டர், எல்-சிஸ்டம் என்று போனால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இதன் அடிப்படை, செடி எப்படிக் கிளைவிடுகிறது என்பதை விதிகளாக எழுத 1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் உருவாக்கிய முறை. ஆக்சியம் பெட்டியில் ஆங்கில எஃப் எழுத்தைத் தட்டுங்கள். ரூல்ஸ் பெட்டியில், எஃப்-க்குச் சமம் ‘எஃப், பிளஸ், எஃப், மைனஸ், மைனஸ், எஃப், பிளஸ், எஃப்’ என்று இடைவெளி விடாமல் கொடுங்கள். எஃப் என்றால் ஒரு கோடு போடு, பிளஸ், மைனஸ் என்றால் திரும்பு. இடக்கோணம், வலக்கோணம் இரண்டும் 60. ஆர்டர் என்பது விதியை எத்தனை தடவை போடுவது என்பது. ஆர்டர் 1 என்றால் நடுவில் ஒரு முக்கோண மேடு உள்ள கோடு. 2, 3, 4 என்று ஏற்றுங்கள், பனித்துகளின் ஓரம் மாதிரி ஆகிவிடும். இது கோக் வளைவு. ஒவ்வொரு ஆர்டருக்கும் கோட்டின் நீளம் மூன்றில் நான்கு மடங்காகும், துண்டுகள் நான்கு மடங்காகும். ஆர்டர் 5-இல் 1024 துண்டு. ஆசைப்பட்டு 10 கொடுத்தால் பத்து லட்சத்துக்கு மேல், மென்பொருள் மூச்சு விடாது. 6-ஐத் தாண்டாதீர்கள்.

ஒரு விதி, அதையே திரும்பத் திரும்ப. மார்கழியில் வாசலில் அம்மா சிக்குக் கோலம் போடும்போது கைக்குத் தெரிவதும் இதுதான். இது நான் அடித்துவிடும் ஒப்புமை இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களுக்கு இலக்கண விதி எழுதி 1974-இல் கணினி அறிவியல் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன். “புள்ளி வெக்காம போட்டா கோணிக்கும்னு எழுதினாங்களா?” என்று கேட்டார்.

ஸாவோஸில் உள்ளே இறங்குவது

இப்போது ஸாவோஸ் என்ற ஃபிராக்டல் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பழைய கணினிக்கு இதைவிட நல்ல துணை இல்லை. இடது மௌஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் உள்ளே போகும், வலது பட்டன் வெளியே. ஏற்கெனவே கணக்குப் போட்ட புள்ளிகளை அடுத்த படத்துக்கும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்வதால்தான் அவ்வளவு வழுக்கலாக நகர்கிறது. பி விசையைத் தட்டினால் வேறு நிறத்தொகுப்பு. ஏ தட்டினால் தானே ஓட்டிக்கொண்டு போகும். அதை ஒரு தடவை வேடிக்கை பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள், அது உங்களுக்காகத் தேடாது.

முதல் நாள் எல்லோரும் நடுக் கறுப்புக்குள் போவார்கள். அங்கே ஒன்றும் கிடையாது. தூரத்து வெளிநிறத்திலும் கிடையாது. சரக்கு முழுக்க ஓரத்தில்தான். போக வேண்டிய இடங்களைச் சொல்கிறேன்.

பெரிய இதய வடிவத்துக்கும் அதன் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு இடுக்கு இருக்கும். மெய்ப்பகுதி −0.75, கற்பனைப்பகுதி 0.1 சுற்றுவட்டாரம். கடற்குதிரைப் பள்ளத்தாக்கு என்று பெயர். பெயர் பொருத்தம்தான், வால் சுருட்டிய கடற்குதிரைகள் வரிசையாக நிற்கும். −0.7436, 0.1318 என்ற இடத்துக்குப் போய் ஒரு வாலின் சுருளைப் பிடித்து இறங்குங்கள். சுருளின் மையத்தில் கண் மாதிரி ஒன்று, அதற்குள் இறங்கினால் இரட்டைச் சுருள், அதையும் தாண்டினால் ஒரு குட்டி மாண்டல்பிராட், முழு உருவத்தின் அச்சு அசல். வழியில் பார்த்த அலங்காரங்களை எல்லாம் அது தன் உடம்பைச் சுற்றிச் சேலை மாதிரி கட்டிக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கம், 0.25-க்குச் சற்று வலது, இதயத்தின் பிளவு. யானைப் பள்ளத்தாக்கு. தும்பிக்கைகள் ஊர்வலமாகப் போகும். எக்செல்லில் 0.26 போட்டு உட்கார்ந்திருந்தீர்களே, அந்த இடம்தான் இது. இடக்கோடியில் −2 வரை ஒரு மெல்லிய ஊசி நீளும். அதில் −1.75 பக்கம் ஒரு குட்டி உட்கார்ந்திருக்கும், சும்மா பார்த்துவிட்டு வரலாம்.

கடற்குதிரை ஒன்றின் மேல் மௌஸை வைத்து ஜே விசையைத் தட்டுங்கள். அந்தப் புள்ளிக்குரிய ஜூலியா கணம் தெரியும்: அதே சூத்திரம்தான், சி-யை அந்தப் புள்ளியிலேயே நிறுத்திவிட்டு, தொடங்கும் எண்ணை மாற்றி மாற்றி வரைவது. மௌஸ் கறுப்புக்குள் இருக்கும்வரை ஜூலியா ஒரே துண்டாக இருக்கும். ஓரத்தைத் தாண்டிய நொடியில் தூள்தூளாகச் சிதறும். −0.123, 0.745 கொடுத்தால் காது விடைத்த முயல்கள் வரும், அட்ரியன் துவாதி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெயரால் துவாதி முயல் என்பார்கள்.

சுற்று எண்ணிக்கை: எல்லோரும் கோட்டைவிடும் இடம்

உள்ளே போகப் போகப் படம் கறுத்துக் குழம்பினால், நல்ல இடம் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். ஸாவோஸ் தொடக்கத்தில் 170 சுற்றுதான் பார்க்கும். 3140 சுற்றுக்குப் பிறகு ஓடக்கூடிய புள்ளியை 170-இல் நிறுத்திப் பார்த்தால் ‘இது ஓடாது’ என்று முடிவு கட்டிக் கறுப்பு அடித்துவிடும். கால்குலேஷன் மெனுவில் இட்டரேஷன்ஸை 1000 ஆக்குங்கள். கறுப்புக் கட்டி கரைந்து உள்ளிருந்து நூல் நூலாக வேலைப்பாடு வெளியே வரும். போதாவிட்டால் 5000. மாற்றமே தெரியாத நிலை வந்தால் பாதியாகக் குறையுங்கள், நேரம் மிச்சம்.

மாடி வீட்டுப் பையன், பிளஸ் டூ படிக்கிறான், ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். “அண்ணா, இது முடியவே முடியாதா?”

“கம்ப்யூட்டர்தான்டா முடிஞ்சுபோகும். அது முடியாது” என்றேன்.

உண்மையில் அப்படித்தான் ஆகும். சாதாரணமாகக் கணினி ஒரு எண்ணில் 15, 16 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். லட்சம் கோடி மடங்குகளைத் தாண்டிப் பெரிதாக்கும்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு ஒரே எண் விழ ஆரம்பிக்கும். படம் கட்டம் கட்டமாகச் சிதையும். அதற்கும் கீழே போக கல்லஸ் ஃபிராக்டாலர் என்ற விண்டோஸ் மென்பொருள் வேண்டும். ஒரே ஒரு புள்ளியின் பாதையை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கத்தில் கணக்கிட்டு, மற்ற புள்ளிகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று மட்டும் பார்க்கும் உத்தி அதில் இருக்கிறது. கே. ஐ. மார்ட்டின் 2013-இல் காட்டிய வழி. அதற்கு முன் வாரக்கணக்கில் ஓடியவை இப்போது நிமிடங்களில் வருகின்றன.

நிறம்

என் அபிப்பிராயத்தில் பாதி வேலை இங்கேதான். புதிதாக வருபவர்கள் வானவில்லின் ஏழு நிறத்தையும் கொட்டுவார்கள். நானும் கொட்டினேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் திருவிழா சீரியல் பல்பு மாதிரி இருந்தது.

எனக்குப் புத்தி வந்தது எம்.சி. ரோட்டில். அக்காவுக்குத் துணையாகப் புடவைக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு ஒரு நிறம், அதற்கு மேல் கொஞ்சம் ஜரிகை. எந்தப் புடவையை விரித்தாலும் இந்தக் கணக்குதான். அன்றிலிருந்து நிறத்தொகுப்பை அப்படித்தான் கட்டுகிறேன். பரந்த பகுதிக்கு அடர்ந்த அரக்கு. அதிலிருந்து மெதுவாகக் கடுகு மஞ்சளுக்கு ஏற்றம். ஓரத்துக்கு மிக அருகில், ஒரு நூல் அகலத்துக்கு மட்டும், வெள்ளை. அந்த வெள்ளை கொஞ்சம் அகலமானாலும் படம் செத்துவிடும்.

நிறங்கள் பட்டை பட்டையாக, கான்டூர் மேப் மாதிரி தெரிந்தால், அவுட்கலரிங் மெனுவில் ஸ்மூத் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சுற்று எண்ணிக்கை முழு எண் என்பதால் படிக்கட்டாக விழுகிறது. ஸ்மூத் அந்தப் படிகளைச் சரிவாக்கும்.

சேமிப்பது

ஸாவோஸின் ஃபைல் மெனுவில் ‘சேவ்’ என்று இருக்கும். அதுதான் முதலில், ‘சேவ் இமேஜ்’ அப்புறம். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே வெறும் எழுத்துதான்: எந்தச் சூத்திரம், நடுவிடம் எங்கே, எவ்வளவு அகலம், எத்தனை சுற்று. என்னிடம் அதுபோக ஒரு நீள நோட்டும் இருக்கிறது. தேதி, மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி, அகலம், சுற்று, பக்கத்தில் ‘மயில் கழுத்து, இடது ஓரம் காலி’ மாதிரி ஒரு வரி. பில் போடுபவனுக்கு இந்தப் பழக்கம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். எண்களை எழுதும்போது கடைசி இலக்கங்கள் தேவையில்லை என்று வெட்டாதீர்கள். ஆழத்தில் அந்தக் கடைசி நான்கு இலக்கம்தான் முகவரியே.

தீச்சுடர்களும் முப்பரிமாணமும்

மாண்டல்பிராட் அலுத்தால் அபோஃபிசிஸ் என்ற மென்பொருள் பக்கம் போகலாம். ஸ்காட் டிரேவ்ஸ் 1992-இல் உருவாக்கிய ஃபிராக்டல் ஃபிளேம் முறையில் ஓடுகிறது. ஒரு புள்ளியைச் சில விதிகளுக்கு நடுவே குலுக்கல் முறையில் லட்சக்கணக்கான தடவை துள்ளவிட்டு, அதிகம் விழுந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். இடப்பக்கம் தானாகவே ஒரு வரிசை மாதிரிகள் வரும். ஒன்றை எடுத்து, எடிட்டரில் முக்கோணங்களை இழுத்துப் பாருங்கள். பட்டுத்துணி காற்றில் பறக்கிற மாதிரி வரும். படம் மணல் மணலாக இருந்தால் ரெண்டர் பெட்டியில் குவாலிட்டியை ஏற்றுங்கள்.

2009-இல் வந்த, மாண்டல்பிராட்டின் முப்பரிமாண உறவான மாண்டல்பல்பு மாதிரி வேண்டுமென்றால் மாண்டல்பல்பர் என்ற மென்பொருள் இருக்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருப்பவர்கள் போய்ப் பாருங்கள். என் டெஸ்க்டாப் அதைத் திறந்ததும் மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது, மூடிவிட்டேன்.

பிரின்ட்

ஏ3 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 4961-க்கு 3508. அதாவது 1 கோடியே 74 லட்சம் புள்ளி, என் திரையைப் போல் பதினாறு மடங்குக்கு மேல். ஸாவோஸில் இடத்தைப் பிடித்து, அதன் எண்களைக் கல்லஸ் ஃபிராக்டாலரில் கொடுத்து, அங்கே படத்தின் அளவை ஏற்றி வரையவிடுகிறேன். அது அகலத்துக்குப் பதில் ஜூம் கேட்கும், பொருந்தும்வரை கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். முடிந்தால் இரண்டு மடங்கு அளவில் வரைந்து பாதியாகச் சுருக்குங்கள், ஓரங்களின் பொரபொரப்பு அடங்கும். நேரம் நான்கு மடங்காகும்.

மே மாதம் பகலில் இந்த வேலை வேண்டாம். அறையே அடுப்பு, சூடேறினால் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள், யுபிஎஸ் இருந்தால் மட்டும். யுபிஎஸ் இல்லாமல் ஒரு தடவை ஏழு மணி நேரம் ஓடியதை விடியற்காலைக் கரண்ட் கட்டில் இழந்தேன். நோட்டில் எண்கள் இருந்ததால் அன்று அழுகை வரவில்லை.

கோப்பு பிஎன்ஜியாக இருக்கட்டும். ஜேபெக் நூலிழைகளைச் சுற்றி அழுக்குப் படிய வைக்கும். திரையில் மின்னும் நீலமும் பச்சையும் தாளில் வராது, மை அந்த நிறங்களை எட்டாது. முதலில் அதே தாளில் போஸ்ட்கார்டு அளவில் ஒன்று போட்டு, வெயிலில் வைத்துப் பாருங்கள். மேட் தாள் நல்லது, பளபளப்புத் தாளில் ட்யூப்லைட்தான் தெரியும். பேனர் அடிக்கும் ஃபிளெக்ஸில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அந்த வெள்ளை நூல் காணாமல் போய்விடும்.

என் முதல் ஏ3-ஐ ஃபிரேம் போடக் கொண்டுபோனேன். சாமி படங்களுக்கும் கல்யாணப் படங்களுக்கும் நடுவில் அதை மேசையில் விரித்துவைத்து, கடைக்காரர் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார், இதுல எது மேல, எது கீழ?”

எனக்கும் தெரியவில்லை. சுருளுக்கு ஏது மேல் கீழ்? யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே நின்று ஒரு டீ குடித்தேன். திரும்பி வருவதற்குள் அவரே ஒரு பக்கத்தை மேலாக்கி ஆணிக்கான கொக்கியை அடித்துவிட்டார். இன்றும் அப்படித்தான் தொங்குகிறது, நான் நினைத்ததற்குத் தலைகீழாக. கடைக்குக் கொண்டுபோகும் முன், பின்பக்கம் பென்சிலால் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அதன் கீழேயே அந்த எண்களையும் எழுதிவிடுங்கள்.